புத்தாண்டு வேலை யாருக்கு? லூ சுன்னின் ‘ஜூஃபூ’ கதையை முன்வைத்து

சீனப் புத்தாண்டு நெருங்கினால் இணையத்தில் ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகள் வரும். ஏன் சிவப்பு, ஏன் வெடி, ஏன் அன்றைக்கு வீடு பெருக்கக் கூடாது, ஏன் குழந்தைகளுக்குச் சிவப்பு உறையில் காசு. பெரும்பாலும் ‘நியென்’ என்ற மிருகத்தின் கதையோடு ஆரம்பிக்கும். அது வருஷக் கடைசியில் ஊருக்குள் வருமாம், சிவப்புக்கும் சத்தத்துக்கும் பயப்படுமாம். ஆனால் 6ஆம் நூற்றாண்டு நூலான ‘ஜிங்சூ சுய்ஷிஜி’யைப் பாருங்கள். யாங்சி நதியின் நடுப்பகுதி மக்களின் வருஷச் சடங்குகளைத் தொகுத்துச் சொல்கிற நூல் அது. வருஷப் பிறப்பன்று மூங்கிலை நெருப்பில் வெடிக்க வைப்பது மலைப் பேய்களை விரட்டத்தான் என்கிறது. நியென் மிருகம் அதில் இல்லை.

சரி, மிருகமோ பேயோ, இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு இந்தக் கட்டுரைகளோடு இருக்கிற குறை வேறு. ‘ஏன்’ என்று பத்து தடவை கேட்கிறவர்கள், ‘யார்’ என்று ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. அந்த விருந்தை யார் சமைக்கிறார்கள்? கும்பிடும்போது யார் உள்ளே நிற்கிறார்கள், யார் அடுப்படியில் இருக்கிறார்கள்? இதைக் கேட்ட ஒரு சிறுகதை இருக்கிறது. லூ சுன் எழுதிய ‘ஜூஃபூ’. ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு ‘தி நியூ இயர்ஸ் சாக்ரிஃபைஸ்’ என்ற பெயரில் தெரிந்திருக்கும்.

லூ சுன் (1881–1936) ஜெஜியாங் மாகாணத்தின் ஷாவோஷிங் ஊர்க்காரர். கதையின் கடைசியில் அவர் போட்டிருக்கும் தேதி 1924 பிப்ரவரி 7. அந்த வருஷம் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 5. ஆக, வருஷம் பிறந்து மூன்றாம் நாள் எழுதி முடித்திருக்கிறார். 1912இலேயே சீனக் குடியரசு ஜனவரி முதல் தேதியைப் புத்தாண்டாக ஏற்றுக்கொண்டுவிட்டது. 1914இல் பழைய புத்தாண்டுக்கு ‘வசந்த விழா’ என்று புதுப்பெயரும் வைத்தாயிற்று. ஆனாலும் கதைசொல்லி முதல் வரியிலேயே, பழைய நாட்காட்டியின் வருஷக் கடைசிதான் உண்மையான வருஷக் கடைசி மாதிரி இருக்கிறது என்கிறான். காகிதத்தில் மாறியது கைகளில் மாறவில்லை. கதை முழுக்க அந்தக் கைகளைப் பற்றியதுதான்.

கதை

கதைசொல்லி ஒரு படித்த இளைஞன். லூஜென் என்ற ஊருக்கு வந்து தூரத்து உறவான நான்காம் சித்தப்பா வீட்டில் தங்குகிறான். சித்தப்பா பழைய கன்ஃபூசிய படிப்பு படித்தவர். அடுப்பங்கரைத் தெய்வத்தை வழியனுப்பும் வெடிச் சத்தம் ஊரில் கேட்டுக்கொண்டிருக்கிறது. இவன் வெளியே போகும்போது ஒரு பிச்சைக்காரி எதிரே வருகிறாள். முன்பு அந்த வீட்டில் வேலை செய்தவள்தான். செத்தபின் ஆத்மா உண்டா, நரகம் உண்டா, செத்துப்போன குடும்பத்தார் அங்கே ஒருவரையொருவர் பார்ப்பார்களா என்று கேட்கிறாள். இவன் மழுப்பிவிட்டு நழுவுகிறான். மறுநாள் அவள் செத்துப்போன செய்தி வருகிறது. அதன்பின் அவள் கதை.

முதல் புருஷன் இறந்ததும் மாமியாருக்குத் தெரியாமல் ஓடிவந்து அந்த வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். மாமியார் ஆள் வைத்துத் தூக்கிப்போய், மலைக்குள் இருக்கும் ஒருவனுக்கு விற்றுவிடுகிறாள். கல்யாணத்தன்று பூஜை மேஜையின் முனையில் தலையை முட்டிக்கொள்கிறாள். தழும்பு நெற்றியிலேயே தங்கிவிடுகிறது. பிறகு ஒரு பையன் பிறக்கிறான். இரண்டாம் புருஷன் டைஃபாய்டில் போகிறான். வாசலில் உட்கார்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்த பையனை ஓநாய் கொண்டுபோகிறது. மறுபடி அதே வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள்.

இவ்வளவும் கதையில் பின்னணிதான். நான் முக்கியமாக நினைப்பது இரண்டு புத்தாண்டுகளுக்கு நடுவே இருக்கிற வித்தியாசம்.

கும்பிடுகிற கையும் சமைக்கிற கையும்

‘ஜூஃபூ’ என்பது ஷாவோஷிங் பகுதியின் பெரிய வருஷக் கடைசிச் சடங்கு. வரும் வருஷத்துக்கு நல்லது கேட்டு அதிர்ஷ்டத் தெய்வங்களை அழைப்பது. லூ சுன் இதற்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்குகிறார். கோழி வெட்டுகிறார்கள், வாத்து வெட்டுகிறார்கள், பன்றிக்கறி வாங்குகிறார்கள். கழுவிக் கழுவிப் பெண்களின் கைகள் தண்ணீரில் சிவந்துபோகின்றன. சில கைகளில் வெள்ளி வளையலும் உண்டு. வெந்த கறிமேல் தாறுமாறாகச் சாப்ஸ்டிக் குச்சிகளைச் செருகினால் அது படையல். விடியுமுன் அதை அடுக்கி, ஊதுபத்தி மெழுகுவர்த்தி ஏற்றித் தெய்வங்களைக் கூப்பிடுகிறார்கள். கும்பிடுவது ஆண்கள் மட்டும். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு, படையலும் வெடியும் வாங்க வசதி இருக்கிற வீடுகளில் என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிடுகிறார்.

விளக்கக் கட்டுரைகள் பத்துப் பக்கத்தில் சொல்லாதது இந்தப் பத்தியில் இருக்கிறது. ஒரு பண்டிகையை வேலைப் பங்கீடாகப் பார்க்கிறார். கை சிவக்கிறவர்கள் ஒரு பக்கம், கை கூப்புகிறவர்கள் இன்னொரு பக்கம். கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை.

அவள் முதல் தடவை வேலைக்கு வந்தபோது விதவை. தலைமுடியில் துக்கத்தின் வெள்ளைக் கயிறு. சித்தப்பா முகம் சுளிக்கிறார். சித்தி அவளுடைய உடம்பையும் கைகால்களையும் பார்த்து வைத்துக்கொள்கிறாள். அந்த வருஷக் கடைசியில் ஒட்டடை அடிப்பது, தரை கழுவுவது, கோழியும் வாத்தும் வெட்டுவது, ராத்திரி முழுக்கப் படையல் சமைப்பது எல்லாம் அவள் ஒருத்தியே. கூலிக்கு ஆள் வைக்கவே இல்லை. அவளுக்கோ அதில் ஒரு நிறைவு. முகத்தில் சிரிப்பின் சாயல் வருகிறது, உடம்பும் தேறுகிறது. இத்தனை துயரமுள்ள கதையில் அவளுடைய சந்தோஷமான காலம் என்று சொல்லக்கூடியதில் பெரிய இடம் இந்தப் புத்தாண்டு வேலைக்குத்தான்.

இரண்டாம் தடவை வரும்போது சித்தப்பா மனைவியைத் தனியாக எச்சரிக்கிறார். வேலைக்கு இருக்கட்டும், ஆனால் படையலை இவள் தொடக் கூடாது, தொட்டால் முன்னோர்கள் சாப்பிடமாட்டார்கள். பழைய ஞாபகத்தில் அவள் மதுக் கிண்ணங்களையும் சாப்ஸ்டிக்கையும் எடுத்து வைக்கப் போகிறாள். சித்தி பதறித் தடுக்கிறாள். மெழுகுவர்த்தித் தண்டை எடுக்கப் போகிறாள். அதற்கும் தடை. சும்மா சுற்றிச் சுற்றி வருகிறாள். கடைசியில் அவளுக்கு மிச்சம் அடுப்பில் தீ தள்ளுகிற வேலை.

இதைப் படிக்கிற தமிழ் வாசகர் உடனே மங்கல காரியங்களில் விதவைகளை ஒதுக்கிவைக்கும் நம்ம வழக்கத்துக்குப் போய்விடுவார். நானும் போனேன். ஆனால் அங்கே இணைகோடு சரியாகப் பொருந்தவில்லை. விதவையாக மட்டும் இருந்தபோது அவள் படையலைத் தொட்டாள், வெட்டினாள், சமைத்தாள். முன்னோர்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. குற்றமானது மறுமணம். அதுவும் அவளைக் கட்டி, வாயை அடைத்துத் தூக்கிப்போய்ச் செய்துவைத்த மறுமணம்.

பெயர்

மூலத்தில் அவள் ‘ஷியாங்லின் சாவ்’. ஆங்கிலத்தில் ‘ஷியாங்லினின் மனைவி’ என்றாகிவிடுகிறது. ‘சாவ்’ என்றால் அண்ணன் மனைவி. நமக்கு அதற்கு வார்த்தை தயாராக இருக்கிறது: ஷியாங்லின் அண்ணி. உறவு சொல்லிக் கூப்பிடுகிற நெருக்கமும், சொந்தப் பெயர் காணாமல் போவதும் இரண்டும் அதில் இருக்கிறது. அவள் பெயர் என்ன என்று கதையில் யாருக்கும் தெரியாது.

ஷியாங்லின் முதல் புருஷன். இரண்டாம் புருஷன் பெயர் ஹெ லாவ்லியூ. அவனும் செத்து இவள் திரும்பி வந்த பிறகும் ஊர் இவளை ஷியாங்லின் அண்ணி என்றே கூப்பிடுகிறது. அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்பதைக் கதைசொல்லி தனியாகக் குறிப்பிடுகிறான். தரவுத்தளம் வடிவமைக்கிறவன் கண்ணில் இது உடனே படும். இரண்டாம் கல்யாணம் பெயர்ப் பத்தியில் பதிவாகவே இல்லை, தீட்டுப் பத்தியில் மட்டும் பதிவாகியிருக்கிறது. ஊருக்கு எது வசதியோ அந்தப் பத்தியை மட்டும் திருத்திக்கொண்டது.

காசுக் கணக்கு

லூ சுன் கதைக்குள் எண்களை விட்டுவைத்திருக்கிறார். எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

முதல் தடவை அவள் மாதச் சம்பளம் 500 செப்புக் காசு. மாமியார் வந்து வாங்கிக்கொண்டுபோன சம்பள பாக்கி 1,750 காசு. கணக்குப் போட்டால் மூன்றரை மாதம். ஒரு காசுகூட அவள் செலவழிக்கவில்லை. மலையில் அவளை விற்ற விலை 80,000 காசு. அவளுடைய பழைய சம்பளத்தில் 160 மாதம், அதாவது பதின்மூன்று வருஷத்துக்கு மேல். அதில் 50,000 அவள் கொழுந்தனுக்குப் பெண் எடுக்கச் செலவாகிறது. கல்யாணச் செலவும் போக மாமியாருக்குப் பத்தாயிரத்துக்குச் சற்று மேல் மிச்சம்.

அடுத்த எண் 12,000. அது கோயிலுக்கு.

இரண்டாம் தடவை வருஷக் கடைசி வேலைக்கு லியூ மா என்ற அம்மாளும் வருகிறாள். பௌத்த பக்தை, சைவம், உயிர்க்கொலை செய்யமாட்டாள், அதனால் பாத்திரம் மட்டும் கழுவுகிறாள். அவள்தான் சொல்கிறாள்: செத்தபின் இரண்டு புருஷன்களும் உனக்காகச் சண்டை போடுவார்கள், யமன் உன்னை இரண்டாக அறுத்துப் பங்கு வைப்பான். (சீனத்தின் ‘யென்லுவோ’ நம்ம யமன்தான், பௌத்தத்தோடு போய்ச் சேர்ந்தவர்.) பரிகாரமும் சொல்கிறாள். நிலத் தெய்வத்தின் கோயிலுக்கு ஒரு நிலைப்படி செய்து கொடு. உனக்குப் பதிலாக அதை ஆயிரம் பேர் மிதிப்பார்கள், பாவம் தீரும்.

நிலைப்படியின் விலை 12,000 காசு. பழைய சம்பளக் கணக்கில் 24 மாத உழைப்பு. சேர்த்து வைத்ததையெல்லாம் வாங்கி, பன்னிரண்டு மெக்சிகோ வெள்ளி நாணயமாக மாற்றிக் கொண்டுபோகிறாள். கோயில்காரர் முதலில் மறுக்கிறார், அழுது கெஞ்சிய பிறகு சம்மதிக்கிறார். திரும்பி வரும்போது அவள் கண்ணில் வெளிச்சம். சித்தியிடம் சந்தோஷமாகச் சொல்கிறாள்.

குளிர்காலத்தின் மிக நீண்ட இரவை ஒட்டி முன்னோர் பூஜை வருகிறது. மேஜை நடுவே போடப்படுகிறது. அவள் நிம்மதியாகப் போய்க் கிண்ணங்களை எடுக்கிறாள். சித்தி சத்தமாகத் தடுக்கிறாள். அவள் சூடுபட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொள்கிறாள். அதோடு அவள் முடிந்தாள். ஆறு மாதத்தில் தலை நரைக்கிறது, ஞாபகம் போகிறது. வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் பிச்சை.

பணம் கட்டியாயிற்று, ரசீது மட்டும் வீட்டில் செல்லவில்லை. கோயில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, வீடு இன்னொரு கணக்கு. இரண்டும் பேசிக்கொள்வதே இல்லை, ஆனால் இரண்டுமே அவளிடம் வசூலிக்கின்றன.

எனக்கு ஒத்துவராத இரண்டு வாசிப்புகள்

இந்தக் கதை சீனப் பள்ளிப் பாடங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. வழக்கமாகச் சொல்லித்தருவது நான்கு அதிகாரங்களின் கதை என்று. மாவோ 1927இல் எழுதிய ஹூனான் விவசாயிகள் பற்றிய அறிக்கையில் அரசு, குலம், தெய்வம் ஆகிய மூன்று அதிகாரங்களைச் சொல்லி, பெண்களுக்கு நான்காவதாகக் கணவனின் அதிகாரமும் உண்டு என்பார். அதைக் கதைமேல் வைத்தால் அழகாகப் பொருந்தும். சித்தப்பா ஒரு பெட்டி, மாமியார் ஒரு பெட்டி, யமன் ஒரு பெட்டி. தப்பில்லை. ஆனால் அப்படிப் படித்தால் கிண்ணமும் சாப்ஸ்டிக்கும் காணாமல் போய்விடுகின்றன. அதிகாரம் சித்தப்பாவின் தத்துவமாக அவளிடம் வரவில்லை. அதை நீ வைத்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற சித்தியின் அன்றாடப் பேச்சாக வருகிறது. அதனால்தான் அவளால் எதிர்க்க முடியவில்லை. கூட வேலை செய்கிற ஒருத்தி வேலையை வாங்கிக்கொண்டால் எதை எதிர்ப்பது?

இரண்டாவது, 1956இல் வந்த திரைப்படம். ஷியா யென் திரைக்கதை, சாங் ஹு இயக்கம், நாயகியாக பாய் யாங். நன்றாக எடுத்த படம்தான். அதில் ஒரு காட்சியைக் கூட்டியிருக்கிறார்கள். பரிகாரம் பலிக்காதபோது அவள் கோயிலுக்குப் போய்த் தான் கொடுத்த நிலைப்படியை வெட்டுகிறாள். இந்தக் காட்சி சீனாவில் விவாதமானது. பார்க்கிறவனுக்கு ஒரு திருப்தி கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் லூ சுன் எழுதிய பெண்ணுக்கு அந்தத் திருப்தி இல்லை. அவள் பண்டிகையை வெறுக்கவில்லை. அவள் கேட்டது அதற்குள்ளே ஒரு இடம். ராத்திரி முழுக்கக் கண்விழித்துச் சமைக்கிற வேலை மறுபடி வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருஷச் சம்பளத்தைக் கொட்டி அவள் வாங்க நினைத்தது வேலை செய்கிற உரிமையை.

இது சங்கடமான இடம். கூலியாள் செலவை மிச்சப்படுத்திய வேலையைத்தானே அவள் திரும்பக் கேட்கிறாள்? ஆமாம். சுரண்டலா, ஆமாம். அவளுக்கு அதில் மரியாதை இருந்ததா, அதுவும் ஆமாம். லூ சுன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுத் தீர்ப்பு சொல்லாமல் விட்டுவிடுகிறார். கோடரியைக் கையில் கொடுத்த படம் அந்தச் சங்கடத்திலிருந்து நம்மை விடுவித்துவிடுகிறது. நஷ்டம் அதுதான்.

சொல்லக் கூடாத சொல்

புத்தாண்டு நேரத்தில் சாவு, நோய் என்ற வார்த்தைகளை வாயில் எடுக்கக் கூடாது என்பது சீன வழக்கம். அவள் இறந்த செய்தியைக் கொண்டுவரும் வேலைக்காரனும் செத்துவிட்டாள் என்று சொல்வதில்லை. அவளுக்கு ‘வயசாகிவிட்டது’ என்கிறான். எப்போது என்று கேட்டால் நேற்று ராத்திரியோ இன்றைக்கோ, சரியாகத் தெரியாது என்கிறான். ஆத்மா உண்டா என்று அவள் கேட்டபோது படித்த கதைசொல்லி சொன்ன மழுப்பல் வார்த்தையும் மூலத்தில் இதே வார்த்தைதான். படித்தவனும் படிக்காதவனும் ஒரே வார்த்தையில் அவளைக் கடந்துபோகிறார்கள்.

சித்தப்பாவுக்கு எரிச்சல். முன்னாலும் சாகவில்லை, பின்னாலும் சாகவில்லை, இந்த நேரம் பார்த்தா சாகணும் என்று. கதைசொல்லி என்ன செய்கிறான்? நாளைக்கே நகரத்துக்குக் கிளம்ப வேண்டும், அங்கே ஒரு உணவகத்தில் சுறாத் துடுப்புச் சூப் மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்கிறான். அந்த உணவகத்தின் பெயரிலும் ‘ஃபூ’, அதாவது நல்லதிர்ஷ்டம் இருக்கிறது. கதைத் தலைப்பில் இருப்பதும் அதே எழுத்துத்தான்.

கதையில் குறை இல்லையா? இருக்கிறது. இரண்டு புருஷன், ஓநாய், மூத்தார் வந்து வீட்டைப் பறிப்பது என்று ஒருத்தி தலையில் இவ்வளவையும் வைத்தது கொஞ்சம் அதிகம்தான். மகன் கதையை அவள் ஊரெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வதும், முதலில் அழுத ஊர் பிறகு கேலி செய்வதும் வரும்போது கதை நிமிர்ந்துவிடுகிறது, ஆனால் அதற்குமுன் தரகுக் கிழவி வந்து வந்து செய்தி சொல்கிற இடங்கள் நாடகத்தனமாக இருக்கின்றன. கதை மனதில் நிற்பது துயரங்களின் எண்ணிக்கையால் இல்லை. மாமியார் ஆட்கள் தூக்கிப்போன பிறகு ஆற்றங்கரையில் ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கும் அரிசிக்கூடை, பக்கத்தில் ஒரு கீரைக்கட்டு. அந்த மாதிரி இடங்களால்தான்.

தலைப்பு

ஆங்கிலத் தலைப்பில் இருக்கும் ‘சாக்ரிஃபைஸ்’ படையலையும் குறிக்கும், பலியையும் குறிக்கும். அந்த இரட்டை அர்த்தம் கெட்டிக்காரத்தனமானது, ஆனால் முடிவை வாசலிலேயே சொல்லிவிடுகிறது. மூலத்தில் ‘ஜூஃபூ’ ஒரு நல்ல வார்த்தை, அவ்வளவுதான். இன்றைக்குச் சீனர்கள் புத்தாண்டுக்கு ஒருவருக்கொருவர் அனுப்பும் நல்வாழ்த்துக்கும் இதே சொல்தான். தமிழில் மொழிபெயர்த்தால் நான் ‘நல்வாழ்த்து’ என்றே வைப்பேன். வாசகர் பண்டிகைக்குள் நுழைகிறோம் என்று நினைத்துத்தான் உள்ளே வர வேண்டும்.

கடைசிப் பத்தியில் விடிய விடிய வெடிச் சத்தம். கதைசொல்லிக்கு மனபாரம் எல்லாம் அதில் கரைந்துபோகிறது. படையலும் மதுவும் உண்டு தள்ளாடுகிற தெய்வங்கள் ஊருக்கு அளவில்லாத சந்தோஷம் வழங்கத் தயாராவதாக அவனுக்குத் தோன்றுகிறது. அந்த ஊர்க்காரர்கள் கணக்கில் அவள் இல்லை.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ சீனர்களின் வசந்த விழாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கதை எழுதி சரியாக நூறு வருஷம். சேர்க்க வேண்டிய விழாதான், சந்தேகமில்லை. பட்டியலில் இருப்பதைப் படிக்கிறவர்கள் பக்கத்திலேயே இந்தக் கதையையும் வைத்துக்கொள்ளலாம். முப்பது பக்கம்கூட வராது. படிக்கும்போது கிண்ணமும் சாப்ஸ்டிக்கும் எத்தனை இடத்தில் வருகின்றன, ஒவ்வொரு தடவையும் அவை யார் கையிலிருந்து யார் கைக்குப் போகின்றன என்று மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.